மலைப்படியில் நீ வாயசைத்தது

என் ஆசைப் பாக்கியத்துக்கு,

நான் சொல்லச் சொல்ல நம் மகள் செல்வி எழுதுகிறாள். ஊரார் முன்னால் படம் போடுகிற அன்று, இதை வாசித்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஆமாம், நம் படம் முடிந்துவிட்டது. ஆறு மாதமாக அது முடியாமல் கிடந்ததற்குக் காரணம் நீதான்.

ராஜபாளையத்துத் தியேட்டரில் காலமெல்லாம் அடுத்தவர் படத்தை ஓட்டியவனுக்கு, வயதான பிறகு சொந்தமாகப் படமெடுக்கும் கிறுக்கு வந்தது. எழுதி வைக்க எனக்கு எழுத்துத் தெரியாது. கதை முழுக்க மண்டைக்குள்ளேயே இருந்தது. கல்யாண வீடியோ எடுக்கும் தங்கராசு கேமரா கொண்டுவந்தான். நடிக்க வேறு ஆளுக்கு வசதியில்லை. மில்லில் நூல் பிணைத்த உன்னையே மில்லுக்காரியாக நடக்க வைத்தேன்.

கடைசியாக எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் நாம் திருவண்ணாமலை என்கிற குன்றில், பெருமாள் கோயில் படியில். தூக்குவாளியோடு நீ ஏறுவதில் பாதியை முந்தின வாரமே எடுத்திருந்தோம். மீதிக்காக அன்று வாளியை உன் வலது கையில் நான்தான் கொடுத்தேன். நீ ஏதோ சொல்ல வந்தாய்.

“ஏட்டி, எல்லாம் எனக்கு மனப்பாடம். நீ பேசாம நட” என்றேன். தங்கராசு சிரித்தான்.

எட்டுப் படி ஏறி நின்று, என்னைத் திரும்பிப் பார்த்து வாயசைத்தாய். கதையில் அப்படியொரு பேச்சே கிடையாது. அதற்கு இருபதாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

அந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் எத்தனை தடவை பார்த்திருப்பேன்! காற்று கேட்கிறது, குரங்கு கத்துவது கேட்கிறது, உன் குரல் மட்டும் இல்லை. மலிவான மைக்கைத் திட்டித் தீர்த்தேன். அப்போதே வலித்ததா, பாக்கியம்? நீ சொல்லியும்தான் ஏற வைத்தேனா?

“வேற ஆள வச்சுக் குரல் குடுத்துருவோம் மாமா” என்றான் தங்கராசு. என்னவென்று கொடுப்பது?

போன வாரம் செட்டியார்பட்டியிலிருந்து மரியபுஷ்பம் வந்தாள், மில்லில் உனக்குப் பக்கத்து மிஷினில் நின்றவள். மைக்கைத் திட்டிக்கொண்டே அந்த இடத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். ஒரே தடவைதான் பார்த்தாள்.

“மைக்க ஏண்ணே ஏசுதீக? இவ சத்தமே போடலயே. இது எங்க மில்லுப் பேச்சுல்லா!”

மிஷின் இரைச்சலில் நீங்கள் உதட்டாலேயே ஊர்க்கதை பேசுவீர்களே, அது எனக்கு எப்படி மறந்தது?

“என்ன சொல்லுதா?” என்று கேட்டேன்.

“‘போன வாரம் வாளி இடது கையில இருந்துச்சுங்க’ங்கா. அம்புட்டுதாண்ணே.”

என் மனசு ஆற அவளாகச் சொல்கிறாளோ என்று சந்தேகம். முந்தின வாரம் எடுத்ததை அவள் பார்த்ததில்லை. அதை ஓட்டிப் பார்த்தேன். இடது கைதான்.

தங்கராசு காதில் விழாமல் என்னைத் திருத்தியிருக்கிறாய். இத்தனை வருசத்தில் இன்னும் எத்தனை தடவை இப்படிச் சத்தமில்லாமல் சொன்னாய்? நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

அந்த இடத்தில் யார் குரலும் வராது. வெட்டவும் விடமாட்டேன். வாளி கை மாறுவதைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். “எம் பொண்டாட்டி அப்பவே சொன்னா, நாந்தான் கவனிக்கல” என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். இது சத்தியம்.

மனப்பாடத்தில் உன்னிடம் தோற்ற வீட்டுக்காரன்,
சுடலைமுத்து