மறுபடி ஆடும் உரிமை

மவுண்ட் ஹார்லன்,
ஞாயிறு, 20 செப்டம்பர் 1908

அன்புத் தங்கை கெசியாவுக்கு,

அண்ணன் சைலஸ் எழுதுவது. வேறு யாராவது சொல்லி உன் காதுக்கு எட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேற்று கால்பந்து இறுதி ஆட்டத்தில், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, என் பொய்ப்பல் வாயைவிட்டுக் கிளம்பி மைதானத்துக்குள் போய் விழுந்தது. நான் பீர்ப் பீப்பாய் ஒன்றின் மேல் ஏறி நின்று அம்பயருடைய வம்சத்தைப் பற்றிச் சில தகவல்களைப் பொதுமக்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தேன். அவருடைய தாத்தா வரைக்கும் வந்தபோது மேல்வரிசை தாவிவிட்டது. ரயில்வே அணித் தடியன் ஒருவன் அதன்மேலேயே ஓடினான். ஊருக்கெல்லாம் முகம் மழித்து அழகு பார்க்கிற நாவிதன், ஐம்பத்தோரு வயதில், இப்போது ஓட்ஸ் கஞ்சியும் அவமானமுமாகக் காலம் தள்ளுகிறேன்.

ஆட்டத்தைக் கேட்கிறாயா? தோற்றோம், வெறும் மூன்று புள்ளியில்; எங்கள் ஆட்டத்தில் ஒரு கோலுக்கே ஆறு புள்ளி. வருஷம் முழுக்க முதலிடத்தில் இருந்த நார்த் மைன் அணி, கேவலம் ரயில்வேயிடம்!

உன் பிள்ளை கிளெம் நன்றாகத்தான் ஆடினான். ஆட்டம் முடியும் நேரத்தில் இரண்டு பேர் நடுவில் மாட்டித் தலை தரையில் மோதியது. இங்கே செம்பு உலைப்புகை புல்லை வாழவிடாது. மைதானம் முழுக்கச் சரளைக்கல்தான். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தான். பிறகு எழுந்து, பந்தோடு நம்முடைய கோலைப் பார்த்தே ஓடினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சாயங்காலம் சாப்பிடும்போது, "மாமா, ஜெயிச்சமா?" என்று மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் வேறு வேறு கணக்குச் சொன்னேன். மூன்றையும் நம்பினான்!

நீ கவலைப்படாதே. தோற்றாலும் மறுபடி ஆடுகிற உரிமை எங்களுக்கு உண்டு. அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் தீயணைப்புப் படையின் விளையாட்டுவிழா. அதற்கடுத்த சனிக்கிழமை, மூன்றாம் தேதி, சவால் ஆட்டம். சின்னவள் எஸ்தருக்கு என் முத்தம், பல் இல்லாத முத்தம்.

உன் அண்ணன்,
சைலஸ்


டெலோரைன்,
23 செப்டம்பர் 1908

அன்பு அண்ணாவுக்கு,

கெசியா எழுதிக்கொண்டது. இங்கே சுகம். எஸ்தருக்கு இருமல் விட்டுவிட்டது. இரண்டு மாடு இன்றோ நாளையோ என்று நிற்கின்றன. உங்கள் பல் போனது கேட்டு வருத்தம், சிரித்ததும் உண்மை.

ஆனால் கிளெம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டதை எஸ்தர் உரக்க வாசித்துச் சிரித்தபோது, நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பக்கத்துப் பண்ணை ஹாரப்பைப் போன வருஷம் குதிரை உதைத்தது. அவரும் முதல் இரண்டு நாள் இப்படித்தான், குதிரையைக் கட்டியாச்சா, கட்டியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்போது அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது அவர் மனைவி.

எனக்கு உங்கள் ஆட்டம் புரியாது. ஆனால் தோற்றால் தோற்றதுதானே அண்ணா? முடிந்துபோன ஆட்டத்தை மறுபடி ஆடலாம் என்று எந்தப் புத்திசாலி சட்டம் போட்டது? யார் போட்டிருந்தாலும் இருக்கட்டும். கிளெம் அதில் ஆட வேண்டாம். அவனை டாக்டரிடம் காட்டி, என்ன சொன்னார் என்று உடனே எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
கெசியா


மவுண்ட் ஹார்லன்,
ஞாயிறு, 27 செப்டம்பர் 1908

அன்புள்ள கெசியாவுக்கு,

எந்தப் புத்திசாலி சட்டம் போட்டது என்று கேட்டிருக்கிறாய். நான்தான்.

கோபத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டுக் கேள். லீக் ஆரம்பித்த புதிதில் இறுதி ஆட்டம் என்ற ஒன்றே கிடையாது. யார் முதலிடமோ அவர்களுக்குக் கோப்பை. ஆகஸ்டிலேயே முடிவு தெரிந்துவிடும். செப்டம்பரில் மைதானத்துக்கு நாய்கூட வராது. அதனால் இறுதி ஆட்டம் கொண்டுவந்தோம். கூட்டம் வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வருஷம் பூராவும் ஜெயித்தவன் ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்தால் எல்லாம் போச்சா, இது நியாயமா என்றார்கள். சரி, முதலிடத்தில் இருந்தவன் தோற்றால் இன்னொரு ஆட்டம் கேட்கலாம், அதில் ஜெயித்தவனுக்கே கோப்பை என்று போன வருஷம் நம் அணிச் செயலாளராக நான் எழுதி வைத்தேன். அன்று எல்லாரும் என்னைச் சாலமோன் ராஜா என்றார்கள். இன்று ரயில்வேக்காரர்கள் வேறு பெயர் சொல்கிறார்கள்; உனக்கு எழுத முடியாது.

அவர்கள் கேப்டன் மல்காஹி வியாழக்கிழமை மழிக்க வந்தான். பாதி முகம் ஆனதும் ஆரம்பித்தான்.

"ஏன்யா சைலஸ், அன்னைக்கு நாங்க ஆடினது என்ன, ஒத்திகையா?"

"விதி அப்படி மல்காஹி."

"விதிய எழுதினவனும் நீ, தோத்தவனும் நீ. இந்தத் தடவையும் தோத்தா? ஜெயிக்கிற வரைக்கும் ஆடலாம்னு இன்னொண்ணு எழுதுவியா?"

"கத்தி கழுத்துகிட்ட இருக்கு. ஆடாம இரு."

"அறுத்துடு. செத்தா மட்டும் என்ன, செல்லாது, மறுபடி அறுக்கணும்பே!"

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், கத்தியும் கொஞ்சம் சிரித்துவிட்டது. அவன் மோவாயில் சின்னக் கீறல்.

கிளெம் நலம். கொஞ்சம் அதிகமாகத் தூங்குகிறான். வீட்டுக்குள்ளும் தொப்பியைக் கண்ணுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருகிறான். "அம்மாவுக்கு எழுதிடுங்க மாமா, எனக்கு ஒண்ணுமில்லன்னு. வெளிச்சம்தான் கொஞ்சம் கூசுது" என்றான். டாக்டர் ஊரில் இல்லை, ஹோபார்ட் நகரத்துக்குப் போயிருக்கிறார். மருந்துக்கடை ஃபென்விக் வந்து ஒவ்வொரு கண் முன்னாலும் மெழுகுவர்த்தியைக் காட்டிப் பார்த்தார். "ரெண்டு கண்ணும் எடத்துலதான் இருக்கு, தாராளமா ஆடலாம்" என்றார். அவர் எங்கள் அணியின் பொருளாளர் என்பதை மறைக்க மாட்டேன்.

அணியைத் தேர்ந்தெடுப்பது மூன்று பேர்: கேப்டன், ஹோட்டல்காரர் வெஸ்ட்லேக், நான். கிளெம் இல்லாமல் சவாலுக்குப் போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை என்கிறார்கள் மற்ற இருவரும். இந்த வருஷம் நாங்கள் போட்ட கோலில் பாதி அவன் காலில் இருந்து வந்தது கெசியா. அவனும், "என்ன விட்டுட்டு ஆடினீங்கன்னா நேரா போய் ரயில்வேக்கு ஆடிடுவேன்" என்று மிரட்டுகிறான். நான் யார் பக்கம் பேச?

உன் அண்ணன்,
சைலஸ்


டெலோரைன்,
30 செப்டம்பர் 1908

அண்ணாவுக்கு,

என் பக்கம் பேசுங்கள்.

வெளிச்சம் கூசுகிறது என்கிறான், பகலில் தூங்குகிறான், அதையும் நீங்கள் எழுதிவிட்டு நலம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கே இருந்தால் அவனுடைய பூட்ஸை அடுப்பில் போட்டிருப்பேன். முதல் மாடு நேற்று ஈன்றது, கன்று இன்னும் எழுந்து நிற்கவில்லை. எஸ்தரைத் தனியாக விட்டுவிட்டு வர வழியில்லை.

அவன் ஆடத்தான் விரும்புவான். இருபத்திரண்டு வயதில் யார்தான் விரும்பமாட்டார்கள்? வேண்டாம் என்று சொல்வதற்குத்தானே பெரியவர்கள்? மூன்று பேரில் ஒருவர் நீங்கள். பெயரை எடுத்துவிட்டு, அவன் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர் திட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் எனக்கு அண்ணன் நீங்கள், அப்புறம் அவனுக்கு மாமன். அணிக்குச் செயலாளர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்குமேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கெசியா


மவுண்ட் ஹார்லன்,
ஞாயிறு, 4 அக்டோபர் 1908

கெசியா,

தந்தி கிடைத்திருக்கும். இந்தக் கடிதம் போய்ச் சேருமுன் நீ இங்கே வந்துவிடுவாய். இருந்தும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மூச்சு இருக்கிறது. கண் திறக்கவில்லை. டாக்டர் ஹோபார்ட்டிலிருந்து வந்துவிட்டார். அவர் என்னிடம் பேசவில்லை, நர்ஸிடம்தான் பேசுகிறார்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை மதியம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு காத்திருக்க, நின்றுகொண்டே வாசித்தேன். அணிப் பட்டியலை முந்தின நாளே ஒட்டியாகிவிட்டது. என் கடை ஜன்னலில், என் கையால். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்திருந்தால் உரிந்து வந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே பத்துப் பேர் நின்று அவன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் இருந்தவருக்கு மிச்ச முகத்தை மழித்து முடித்தேன்.

நேற்று ஆட்டத்தில் யாரும் அவனை இடிக்கவில்லை. பந்துக்காகத் தாவினான், இறங்கினான், இரண்டு எட்டு நடந்தான். அப்புறம் உட்கார்ந்தான், களைத்தவன் உட்காருகிற மாதிரி. பிறகு சாய்ந்துவிட்டான். முதலில் ஓடி வந்தது மல்காஹி. சட்டையைக் கழற்றித் தலைக்கு அடியில் வைத்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. "டேய் தம்பி, கண்ணத் தொறடா. டேய், இங்க பாரு. யாருன்னு சொல்லு பாப்போம்" என்று வெற்றுடம்போடு கெஞ்சிக்கொண்டே இருந்தான்.

சீக்கிரம் வா. வந்து என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

சைலஸ்


டெலோரைன்,
18 அக்டோபர் 1908

அண்ணாவுக்கு,

அங்கே இருந்த மூன்று நாளும் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிப் படியில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். சுற்றிக்கொண்டு மறுவாசலால் போனேன். செவ்வாய்க்கிழமை அவன் போன பிறகும் பேச வாய் வரவில்லை. ரயிலில் பெட்டியை ஏற்றும்போது நீங்கள் தோள் கொடுத்ததை நான் தடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அவன் அப்பா கல்லறைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம்.

நான் இதை எழுதுவது ஒரு விஷயத்துக்காக. வெஸ்ட்லேக்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பிள்ளை இல்லன்னா இந்தக் கோப்பையே இல்லம்மா" என்றாள். போதகரும் ஜெபத்தில் அதையே சொன்னார். ஸ்டேஷனில் யாரோ ஒரு சுரங்கக்காரர், பெயர் தெரியாது, தொப்பியைக் கழற்றிவிட்டு அதையேதான் சொன்னார். எஸ்தர் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அந்தக் கோப்பை கால்தூசுக்குச் சமம். ஆனால் ராத்திரியெல்லாம் படுத்துப் புரளும்போது பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது. உங்களுக்கு அவன் உண்மையிலேயே வேண்டியிருந்தான், அவன் இல்லாமல் நடந்திருக்காது என்றால், அதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து பால் கறக்கப் போவேன். உங்களை மன்னிக்கவும் ஒருவேளை அது போதுமாயிருக்கும்.

அவன் படுத்திருந்த அறையில் யாரும் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தீர்கள்? அது மட்டும் எழுதுங்கள். தமாஷ் வேண்டாம்.

கெசியா


மவுண்ட் ஹார்லன்,
ஞாயிறு, 29 நவம்பர் 1908

அன்புள்ள கெசியாவுக்கு,

ஆறு வாரம் பதில் போடாமல் இருந்துவிட்டேன். உட்கார்ந்து உட்கார்ந்து எழுதியதெல்லாம் அடுப்புக்குப் போயிற்று. நீ கேட்டது ஒரே ஓர் எண். நானோ வாயால் பிழைக்கிறவன். எண்ணைச் சுற்றி வளைத்துக்கொண்டே இருக்கிறது பேனா. இப்போதும் அதைத்தான் செய்யப்போகிறேன், பொறுத்துக்கொள்.

செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். விலகல் கடிதத்தை வெஸ்ட்லேக் வாங்கிக்கொண்டு, "அவசரப்படாத, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். லீக் கூட்டத்தில் மல்காஹி எழுந்து சவால் உரிமையையே எடுத்துவிட வேண்டும் என்றான். நான் ஆமோதித்தேன். ஓட்டெடுப்பில் தோற்றுவிட்டோம். அடுத்த வருஷம் முதலிடம் தங்களுக்குத்தான் என்று எல்லா அணியும் நம்புகிறது. தங்களுக்கு உதவப்போகிற சட்டத்தை யார் விடுவார்கள்? அதனால் நான் எழுதியது அப்படியே இருக்கிறது, என் கையெழுத்தோடு.

அணியைப் போட்டோ பிடித்தார்கள். கிளெம்முடைய பழைய படம் ஒன்றை முட்டை வடிவத்தில் வெட்டி மேல்மூலையில் ஒட்டியிருக்கிறார்கள். அதில் அவன் யாரையோ பார்த்துச் சிரிக்கிறான். படம் பிடிக்க வரும்படி எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். கடையில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். கடையில் ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் பாதிப் பேர் இப்போது தாடி வளர்க்கிறார்கள். மல்காஹி மட்டும் வியாழக்கிழமை தவறாமல் வருகிறான். உட்காருகிறான், மழிக்கிறேன், போகிறான்.

உன் கேள்வியை வெஸ்ட்லேக்கிடம் ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். "இதுக்குப் போய் ஏன்யா மண்டைய ஒடச்சிக்கிற? ரெண்டு புள்ளின்னு எழுதிட்டுப் போ. டெலோரைன்ல யாரு எண்ணப் போறா? அந்தம்மா நிம்மதியா இருக்கட்டுமே" என்றார். நல்ல மனுஷர். எழுதவும் எழுதினேன். ரெண்டு புள்ளி, அவன் போட்ட கோலால்தான் என்று, அழகாக, நீ அழுகிற மாதிரி. தபால்பெட்டி வரைக்கும் கொண்டுபோய்விட்டுத் திரும்பி வந்தேன். ஜன்னலில் இருந்து அவன் பெயரை எடுக்க முடியாத நான், உன்னிடம் பொய்யும் சொல்லிவிட்டால், அப்புறம் உனக்கு அண்ணன் என்று எதை வைத்துச் சொல்லிக்கொள்வது?

இதற்கு நீ பதில் போட வேண்டாம். எஸ்தரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உன் இஷ்டம்.

உன்,
சைலஸ்

பி.கு. நாற்பத்தாறு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அவன் விழுந்தபோது இரண்டு பக்கமும் ஒரு கோல்கூட விழுந்திருக்கவில்லை. விழுந்தவனுக்குப் பதில் ஆள் இறக்க விதியில் இடம் இல்லாததால், மீதி ஆட்டம் முழுவதையும் அவர்கள் பதினெட்டுப் பேரும் நாங்கள் பதினேழு பேருமாகத்தான் ஆடினோம்.