ஓர் ஊருக்குத்தான் தண்ணீர்

கொட்டாஞ்சேனை,
வியாழன் மாலை

என் அன்பானவளுக்கு,

பிள்ளைக்கு வயிற்றோட்டம் நின்றுவிட்டதா? கொதித்தாறிய தண்ணீரையே கொடு.

அரசாங்கம் ஒதுக்கிய பணம் இவ்வருடம் ஓர் ஊரின் குழாய்த் திட்டத்துக்குத்தான் போதுமாம். இன்று கூட்டத்தில் எங்கள் திணைக்களப் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"இஞ்சினியர், நீரே சொல்லும். உம்மட மனுசியின்ர ஊரோ, பக்கத்து ஊரோ?"

பக்கத்து ஊரில் மலக்குழி ஊறிக் கிணற்றில் கலந்து, இந்த மாரியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. அந்தக் கிணறுகளை நான்தான் சோதித்தேன்.

"பக்கத்து ஊர், சேர்" என்றேன்.

"மருமகன் தண்ணி கொண்டருவார்" என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். அவரிடம் நீ ஒன்றும் சொல்லாதே. சனிக்கிழமை நானே வந்து சொல்கிறேன். ஊரார் ஏசட்டும்.

அப்போது நீ என் பக்கத்தில் நிற்பாயா?

உன் பதிலுக்குப் பயந்திருக்கும்,
பிள்ளையின் அப்பா