உங்கள் மகள் திரும்பி வந்தது பயத்தால் அல்ல

அன்புள்ள ஸ்டெல்லா அப்பாவுக்கு,

நீங்கள் இறந்த நாளின் ஆண்டுப் பூசை முடிந்து வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள்: நான், நம் மகள் ஸ்டெல்லா, கொழும்பிலிருந்து வந்த உங்கள் தம்பி சவரிமுத்து, அவர் மனைவி ரோசி, அடுத்த வீட்டு செபமாலை அக்கா. வேறு யாரும் இல்லை. நாளைக்கு ஒருவரும் "நான் அங்க இல்லையே" என்று நழுவக் கூடாது, அதனால்தான் பெயரோடு எழுதுகிறேன்.

சோறு போடும்போதே உங்கள் தம்பி ஆரம்பித்தார். "அண்ணி, இவளை இனிமே எங்க வீட்டுல வச்சுக்க முடியாது. படிச்சது போதும், கூட்டிட்டு வந்துருங்க."

"ஏன் தம்பி, என்ன குத்தம் செஞ்சா?"

"மேகத்தைப் பாத்துட்டுத் திரும்பி ஓடியாந்த புள்ளைக்கு எதுக்கு இன்னொரு பிளேன் லைசன்ஸ்? எங்கண்ணன் லுணுகலை ரோட்டுல பனிக்குள்ள கண்ண மூடிக்கிட்டு தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுனவரு. அவரு பெத்ததா இது?"

செபமாலை அக்கா வேறு சிரித்தார். "நாங்க கழுத்து வலிக்க மேல பாத்துக்கிட்டு நின்னோமே, தாயி!" ஸ்டெல்லா பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனாள்.

நடந்தது உங்களுக்குத் தெரியாதே. போன மாதம் அவள் தனியாகச் சின்ன விமானத்தில் நம் மலைப் பக்கம் வந்து போக வேண்டிய பயிற்சி. உங்கள் தம்பி நம் தோட்டத்து லயம் வீடுகள் முழுக்கப் போன் செய்து, "எங்க புள்ள உங்க தலைக்கு மேல வரும், பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். எல்ல ஊர்ப் பக்கம் வரும்போது மலையை மேகம் மூடியிருந்தது. அவள் திரும்பிவிட்டாள். அவருக்கு மானம் போய்விட்டதாம்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவளிடம் இருப்பது சாதாரண விமானி உரிமம். அதை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற வானத்தில்தான் ஓட்டலாம், மேகத்துக்குள் நுழையக் கூடாது. அதற்குத் தனித் தகுதி வேண்டும். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற தகுதி. அதை வாங்கத்தான் அவள் இன்னும் கொழும்பில் உங்கள் தம்பி வீட்டில் தங்க வேண்டியிருக்கிறது.

அவள் புத்தகத்தை நான் அகராதியோடு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஐம்பது மணி நேரம் தானே பொறுப்பேற்று ஊர் விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும். நாற்பது மணி நேரம் கருவிகளைப் பார்த்தே ஓட்டிப் பழக வேண்டும்; வெளியே பார்த்துவிடாதபடி முகத்துக்கு மறைப்பு மாட்டி விடுவார்களாம். எழுத்துப் பரீட்சை தனி. கடைசியில் பரீட்சகர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியும் கேட்பார், ஓட்டியும் காட்டச் சொல்வார்.

ஏன் இவ்வளவு? மேகத்துக்குள் நம் காதும் உடம்பும் பொய் சொல்லுமாம். விமானம் சரிந்து இறங்கும்போதும் நேராகப் போவதாகவே தோன்றுமாம். நம் ஊர் மேகத்துக்குள் மலை இருக்கிறது. அவள் நுழைந்திருந்தால் அந்தப் பூசையில் சாமியார் இரண்டு பெயர் வாசித்திருப்பார். எழுதவே கை கூசுகிறது.

இதையும் கேளுங்க. அந்தத் தகுதி உள்ளவர்கள்கூட, இறங்கும்போது குறித்த உயரத்தில் ஓடுபாதை தெரியாவிட்டால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். அதுவும் சட்டம்தான். அவர்களையும் பயந்தாங்கொள்ளி என்பாரா?

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினீர்களாம்! பனி இறங்கினால் லொறியை நிறுத்தி, முதுகில் வெள்ளைச் சாக்கைப் போர்த்தி ஓர் ஆளை முன்னால் நடக்க விடுவீர்களே. சாக்கு தெரிகிற வரைக்கும்தான் லொறி நகரும். சாக்கு மறைந்தால் பிரேக். அப்படி நடந்த ஆள் யார்? இதே சவரிமுத்துதான். நனைந்து வந்து என் அடுப்படியில் குளிர் காய்ந்தவர் அவர்தானே?

விடவில்லை, கேட்டுவிட்டேன். "தம்பி, அன்னைக்கி அவருக்கு முன்னால நீங்க நடந்தீங்க. ஆகாசத்துல இவளுக்கு முன்னால யாரு சாக்கப் போத்திக்கிட்டு நடப்பா? அந்தக் கருவிதான் நடக்கணும். அதுக்குப் பின்னால போகத்தான் இவ படிக்கணும்."

அவர் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிக்கொண்டார். ரோசிதான், "அண்ணி கேக்குறாங்கல்ல, வாயத் தொறங்க" என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பஸ்ஸுக்குக் கிளம்பியவரிடமிருந்து இன்று வரை ஒரு போன் இல்லை.

மாதாவிடம் மேகத்தை விலக்கச் சொல்லி நான் செபிப்பதில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புகிற புத்தி இவளுக்கு என்றைக்கும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். உங்களுக்கும் வாக்குக் கொடுக்கிறேன்: உங்கள் தம்பி வீட்டில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவள் படிப்பு நிற்காது.

இதை நம் கோயில் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உங்கள் தம்பியும் வாசிப்பார். தம்பி, வகுப்பு தொடங்கப் போகிறது. ஸ்டெல்லா உங்கள் வீட்டில் தங்கலாமா, கூடாதா? தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் மனைவி,
சவரிமுத்துவுக்கு இன்னமும் அண்ணி,
மரியாயி