கதவில்லாத பிரசங்கம்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நாவல் இப்போது நெத்திலிக் கருவாடு மணக்கிறது. போன மழைக்கு வீடு ஒழுகியது. மூடி இறுக்கமாக இருக்கிற டின் என்னிடம் ஒன்றுதான் உண்டு. அஞ்சுகிராமம் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகிற டின். அதற்குள் வைத்துவிட்டேன். இன்று காலை உன் வருசப் பூசைக்குக் கொண்டுபோக எடுத்தால், தாளெல்லாம் உப்புப் பூத்து, அட்டையில் இருக்கிற கடல் முதல்தடவையாகக் கடல் மாதிரி மணத்தது. உள்ளே நீ எழுதிவைத்த கடலுக்கு அந்த மணம் கிடையாது, மக்கா. அது பவுடர் போட்டு மேடையேறுகிற கடல்.

கோபப்படாதே. செத்துப்போனவனிடம் பொய் சொல்ல நான் என்ன வாழ்த்துரை வழங்க வந்தவனா?

நம்முடைய ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார். சாமியார் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்ததும் நம்மூர் ஆம்பிளைகள் ஒவ்வொருத்தராகக் கோயிலைவிட்டு இறங்கி வளவில் மாதா சிலை நிற்கிற கெபிக்குப் பின்னால் போய் நிற்போம். பீடி, மீன் விலை, யார் வலையில் என்ன பட்டது என்கிற பேச்சு. பிரசங்கம் முடிந்து உள்ளே விசுவாசப் பிரமாணம் சொல்லத் தொடங்கியதும் பீடியை மிதித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு உள்ளே போவோம். முதலில் இறங்குகிறவன் எப்போதும் நீதான். "கடவுளைக் கேக்கத்தானலே வந்தோம், இவரு ஏன் குறுக்க நிக்காரு?" என்பாய். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறும்.

அந்த நீதான் புத்தகம் எழுதி, அது நிறையப் பிரசங்கம் வைத்தாய். கோயிலுக்காவது கதவு உண்டு.

நான் அஞ்சாம் கிளாசோடு நின்றவன். எழுத்துக்கூட்டி வாசிக்கிறவனுக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மேடு. மூச்சுவாங்கி ஏறினால் மேலே ஏதாவது இருக்கணும். உன் மேட்டில் ஏறிப்பார்த்தால் அங்கே ஒரு மைக் நிற்கிறது. ஆமை பேசுகிறது. தாழம்புதர் பேசுகிறது. மணல் பேசுகிறது. எல்லாம் நாகர்கோவில் ஆபீசில் ஃபைல் பார்த்த உன் குரலிலேயே பேசுகின்றன. 'சூழலியல் சமநிலை' என்கிறது ஆமை. முட்டையிட வந்த இடத்தில் அதற்கு ஏன் இந்தப் பாடு?

கடல் பேசத் தொடங்கினால் நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே போய் ஒரு பீடி இழுத்துவிட்டு வருவேன். வந்து பார்த்தால் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கும். சாமியாருக்காவது பூசையை முடிக்கிற அவசரம் உண்டு.

வெளியீட்டு விழாவில் ஒருத்தர், "இது நாவல் அல்ல, எச்சரிக்கை மணி" என்று முழங்கினார். "முதல் பாதி சரிதான்" என்று உன் காதில் சொன்னேன். "வாய மூடுலே" என்று என் காலை மிதித்தாய். அன்றைக்குப் பேசினவர்களில் ஒருத்தர்கூட உன் அம்மையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை.

பக்கத்து ஊர்க் கரைக்கு அலைத்தடுப்புக் கல்லைப் போட்டார்கள். அங்கே முட்டின கடல் நம்மூருக்குத் திரும்பியது. உன் வீட்டு அடுக்களையும் பின்சுவரும் போய்விட்டன. தலையில் அண்டாவோடு நான் முற்றத்தில் நின்றேன். கடைசியாக வெளியே வந்த உன் அம்மை முன்கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகினாள்.

"எம்மா, பொறத்த செவுரே இல்ல. எதுக்குப் பூட்டுத?"

"பின்ன, வீட்டத் தொறந்து போட்டுட்டா போவாவ?"

மறுநாள் அந்தக் கதவும் இல்லை. சாவி மட்டும் சாகும்வரை அவள் இடுப்பில் இருந்தது.

இதை நீ இருந்தபடியே எழுதினாய். ஒரே பக்கம். கூடவே நின்று பார்த்த நானே அதை இரண்டுதடவை வாசித்தேன். எதிர்ப்பக்கத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனேன். கடல் செருமிக்கொண்டு, "மானிடா!" என்றது.

அதற்காகத்தான் உன்னை ஒரு மாசம் மானிடா என்றே கூப்பிட்டேன். டீக்கடைக்காரனும் கூப்பிட்டான்.

நீ சீக்காகிப் படுக்கையில் கிடந்தபோது, "முழுசா வாசிச்சியா?" என்று கேட்டாய்.

"ஒங்கம்மை கதவப் பூட்டுதவரைக்கும் வாசிச்சேன். பொறவு வெளிய போயிட்டேன்."

"ஊரே கடலுக்குள்ள போவுது, ஒனக்குக் கத கேக்குதோ?"

"ஊரு போறத ஊர்க்காரனுக்கே சொல்லுதியா? அலச் சத்தத்துல எனக்கு ஒறக்கம் இல்ல. ஒங்கம்மை பூட்டுனதுதாம்ல வெளிய உள்ளவனுக்குத் தெரியாது. அதச் சொல்லு."

நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.  ஒரு வாரம் கழித்து நீயே ஆள்விட்டுக் கூப்பிட்டாய். "அடுத்த பதிப்புல கடலுக்கு வாயக் கெட்டிருதேன். அம்மைக்கு முழுசா ஒரு அத்தியாயம். அண்ணைக்கு அவ என்ன சேல கெட்டியிருந்தா, ஞாபகம் இருக்கா?" யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ அதுவரை பொறுக்கவில்லை, போய்விட்டாய்.

ஊதா, மக்கா. முந்தி கிழிந்தது. நாலு இடத்தில் கைத்தையல். அந்தப் பதில் இன்னும் என்னிடம்தான் கிடக்கிறது, கேட்க ஆளில்லாமல்.

ஆக, உன் அம்மைக்கு இந்த உலகத்தில் மிச்சம் அந்த ஒரு பக்கம்தான். பூசைக்கு முன்னால் சாமியாரிடம் அதை விரித்துக் காட்டி, "இத மட்டும் வாசிங்க சாமி" என்றேன். சின்ன வயசுக்காரர். மூக்கைச் சுளித்துக்கொண்டு, "நல்ல கருத்துள்ள பகுதிய நானே எடுத்து வச்சிருக்கேன்" என்றார். பிரசங்க நேரம் வந்தது. மைக்கைத் தட்டினார். "மானிடா!" என்றார்.

இறங்கிவிட்டேன். எனக்குப் பின்னால் வழக்கமான ஆட்களும் இறங்கினார்கள். கெபிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "லேய், இதக் கேளுங்க" என்று எழுத்துக்கூட்டி அந்தப் பக்கத்தை வாசித்தேன். தடவித் தடவித்தான் வாசித்தேன். ஒருத்தனும் கேலி பண்ணவில்லை. ஒருத்தன் கையில் பீடி இழுக்காமலே அணைந்தது. "அவிய அப்படித்தான் பூட்டுவாவ," என்றான்.

உள்ளே விசுவாசப் பிரமாணம் தொடங்கியது. புத்தகத்தை விரித்தபடியே கெபிப் படியில் வைத்துவிட்டுப் போனேன்.

பூசை முடிந்து வந்து பார்த்தேன். கோயில் வளவில் மேய்கிற ஆடு சாவிப் பக்கத்தைத் தின்றுவிட்டிருந்தது. 'மானிடா' இருந்த எதிர்ப்பக்கத்தை நக்கிப் பார்த்திருக்கிறது, ஈரம் இருந்தது. தின்னவில்லை.