உடைத்தவன் கட்டித் தரணும்

இன்று காலை செம்மேடு பேருந்து நிலையத்தில் ஒருவனை அறையப் போய்விட்டேன். அவன் யாரென்றே எனக்குத் தெரியாது. மகளுக்குக் கடையில் ஒரு தெர்மாகோல் விமானம் வாங்கிக் கொடுத்திருந்தான். பிள்ளை அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டது. றெக்கை படக்கென்று ஒடிந்ததும் அவன் இரண்டு துண்டையும் சாக்கடையில் வீசிவிட்டு, "அழுவாத கண்ணு, வேற வாங்கிக்கலாம்" என்றான். ஒரு தகப்பன் சொல்லக்கூடிய நல்ல வார்த்தைதான். எனக்கு மட்டும் கை ஓங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கண்டக்டர் ஒரு மாதிரி பார்க்கவும், தலையைச் சொறிவதுபோல் கையை இறக்கிக்கொண்டேன். ஏறக்குறைய இதே வார்த்தையை ஒருநாள் நானும் உன்னிடம் சொன்னேன். அதற்கு நீ என்னை அறைந்தாய், நான் உன் மூக்கை உடைத்தேன்.

தொண்ணூற்றேழில் நாம் இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். கல்லூரியில், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பிடித்த மாதிரி விமானப் பைத்தியம், கல்யாணமாகியும் தெளியவில்லை. நீ மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அடிவாரத்துக் காரவள்ளியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவும் ஏறி வருவேன். சாமை அறுத்த உன் காட்டில் சண்டை நடக்கும்.

சண்டை என்றால் சண்டையேதான். நடுக்காட்டில் நீயும் நானும் தோளோடு தோள் இடித்து நிற்போம். ஆளுக்கொரு கைப்பிடி, அதிலிருந்து மெல்லிய கம்பி இரண்டு, கம்பியின் நுனியில் விமானம். கைப்பிடியை மேலே வெட்டினால் ஏறும், கீழே வெட்டினால் இறங்கும். எஞ்சின் அலறிக்கொண்டு இரண்டும் நம்மைச் சுற்றிவரும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு காகித வால். எதிராளியின் வாலை நம் விமானத்தின் மூக்கில் சுழலும் விசிறியால் வெட்ட வேண்டும். பாதி நாள் வாலுக்குப் பதில் றெக்கையே போகும். சேவல்கட்டுக்குக் கூடுவதுபோல் ஊர் கூடி வரப்பில் நிற்கும். நீ முழங்கையால் என் விலாவில் இடித்ததை யாருமே பார்த்ததில்லை, வீட்டில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்த என் மனைவிதான் அந்தக் கன்றலைப் பார்த்தாள்.

விதி ஒன்றுதான். அதைப் போட்டவன் நீ. "ஒடச்சவன் கட்டித் தரோணும்." உன் றெக்கையை நான் முறித்தால் அதை நான்தான் எடுத்துப் போக வேண்டும். பால்சா என்ற லேசான கட்டையைச் சீவி, எலும்பு எலும்பாக ஒட்டி, மேலே காகிதம் போர்த்தி, வார்னிஷ் அடித்து, அடுத்த ஞாயிறு உன் கையில் கொடுக்க வேண்டும். பால்சா தீர்ந்த வாரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்த கல்யாண முருங்கையின் கிளையை நீ வெட்டித் தந்திருக்கிறாய், கொடியோடு சேர்த்து. மூன்று வருஷத்தில் உன் விமானத்தில் பாதி என் கைவேலை, என்னுடையதில் பாதி உன்னுடையது. நான் முறைத்துக்கொண்டு முறிப்பதும், ஒரு வாரம் உட்கார்ந்து உனக்காகவே சீவுவதும் எனக்கு வேறு வேறாகத் தெரிந்ததே இல்லை.

ஒருநாள் எஞ்சினைச் சுண்டிக் கிளப்பும்போது விசிறி உன் இரண்டு விரலை எலும்புவரை கிழித்தது. என் சட்டையெல்லாம் உன் ரத்தம். துண்டைச் சுற்றிக்கொண்டு நீ சொன்னது, "எஞ்சின நிறுத்திப்போடாதடா, இப்பத்தான் கெளம்புச்சு." அன்றைக்கும் என் வாலை வெட்டிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாய்.

ஆரம்பத்தில் இந்தச் சண்டைக்கு என்னைப்போல் கீழேயிருந்து எட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் பெட்டியில் வந்தது அந்தச் சனியன். தெர்மாகோல் உடம்பு, பேட்டரி, கையில் ரிமோட். அட்டையைப் பிரித்த அரைமணியில் பறக்கும். ஒவ்வொருவராக அதற்குப் போனார்கள். சேலத்துக் கடைக்காரர் கேட்க ஆளில்லை என்று பால்சா வரவழைப்பதையே விட்டுவிட்டார். கடைசியில் நாம் இருவர் மட்டும் மிச்சம். பிறகு நானும் ஒன்று வாங்கினேன். கடையில் வேலை அதிகம் என்று உன்னிடம் சொன்னேன். பொய். சீவிச் சீவி அலுத்துவிட்டது, அவ்வளவுதான்.

அதை எடுத்துக்கொண்டு நான் வந்த ஞாயிறு, நீ கைப்பிடியோடு நடுக்காட்டில் தனியாக நின்றாய். என் பொம்மை கம்பியில்லாமல் எங்கெங்கோ போயிற்று. சும்மா இராமல் உன்னைச் சீண்டுவதற்காக உன் வட்டத்துக்குள் தாழ்வாக விட்டேன். நீ கைப்பிடியை மேலே வெட்டினாய். இரண்டும் மோதின. என்னுடையது இரண்டு துண்டு, உன்னுடையது சுள்ளி. நீ என் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, "இத நான் கட்டித் தாரேன். என்றத நீ எடுத்துட்டுப் போ" என்றாய். நான் சிரித்தேன். "இதெல்லாம் கட்டறதில்லடா. தூக்கிப் போடு, வேற வாங்கிக்கலாம். உன்றதையும் தூக்கிப் போடு."

உன் அறை என் காதோடு விழுந்தது. நான் குத்தினேன். எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. நீ விழுந்தாய், நான் மேலே ஏறி இன்னும் இரண்டு வைத்தேன். வரப்பில் நின்றவர்கள்தான் பிரித்துவிட்டார்கள். வாயெல்லாம் ரத்தமாக எழுந்து நின்று, "மூக்க ஒடச்சுப்போட்டயல்ல, கட்டித் தா" என்றாய். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எதையும் எடுக்காமல் பேருந்து ஏறிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கண்டக்டர் கடைக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். என் தெர்மாகோல் விமானம். உள்ளே கல்யாண முருங்கை எலும்பு வைத்து, காகிதம் போர்த்தி, முழுசாகக் கட்டியிருந்தாய். அந்தக் கனத்துக்கு அது ஒரு முழம்கூட ஏறாது, உனக்கும் தெரிந்திருக்கும். எனக்கு வந்த கோபத்துக்கு இன்றைக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. கடையில் நின்றவர்கள் பார்க்க அதைத் தரையில் போட்டு மிதித்தேன். பொடியாகும்வரை மிதித்தேன்.

அடுத்த மிளகுக் காலத்தில் ஏணி சறுக்கி நீ விழுந்து போய்விட்டாய். சாவுக்கு வந்தவன் உன் முகத்தைப் பார்த்தேன். மூக்கு கோணலாகவே இருந்தது.

பதினாறாம் நாள் உன் மனைவி பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கித் தந்தார். உள்ளே அன்று உடைந்த உன் விமானம், ஒரு சுள்ளி குறையாமல். "நீங்களே ஒட்டிக்கறதுதானுங்கன்னு கேட்டேனுங்கண்ணா. அது அவன் வேல, அவன் வருவான்னுட்டாரு. யாரையும் தொட உடலீங்க." அங்கேயே வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

கட்டினேன். நாலு மாதம் ஆயிற்று. கட்டைக்கு உன் மனைவியே கிளை காட்டினார். உன் காட்டில் தனியாக நின்று சுற்றினேன். நன்றாகவே பறந்தது. எஞ்சின் நின்று அது முழுசாகத் தரையிறங்கினால், அதை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கிளம்பிவிட வேண்டும். அப்புறம் இந்த மலைக்கு வர எனக்கு என்ன வேலை? கைப்பிடியை ஒரே வெட்டாகக் கீழே இறக்கினேன். மூக்கு மண்ணில் குத்திச் சிதறியது. வரப்பில் நின்ற உன் மனைவி பதறவில்லை, சாக்கை எடுத்துக்கொண்டு பொறுக்க வந்தார்.

இப்படி மூன்று முறை உடைத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் பொறுக்கி முடித்து, எப்போது வருவேன் என்று கேட்கிறார். கட்டி எடுத்துக்கொண்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன்.