படத்தில் விட்டுப்போன கம்பிகள்

1976 ஆகஸ்ட், வியாழன் இரவு

பள்ளியிலிருந்து திருமுல்கேரி பஸ்ஸில் திரும்பும்போதும் அதே நினைப்புதான். படுத்தும் தூக்கம் வரவில்லை.

இன்று மூன்றாம் வகுப்புக்கு ஓவியப் பாடம். பக்கத்துப் பிள்ளையை வரைந்து அதற்கே பரிசாகக் கொடுக்க வேண்டும், மனம் நோகும்படி எதையும் வரையக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அன்பைச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரிந்த வழி அது.

நசீம் பத்மாவை வரைந்தாள். பத்மாவுக்குச் சின்ன வயதில் போலியோ. இரண்டு காலிலும் இரும்புக் கம்பி வைத்த ஷூ. படத்தில் கம்பியைக் காணோம். வெறுங்காலோடு புல்லில் நிற்கிறாள். நான் பூரித்துப்போய் அதை வகுப்புக்கே தூக்கிக் காட்டினேன். கால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரமும் போட்டேன்.

படம் கைக்கு வந்ததும் பத்மா கறுப்பு கிரேயானை எடுத்துக் கம்பி போட ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அழகாத்தானே இருந்தது?" என்றேன்.

"நக்கோ டீச்சர், வேண்டாம். கம்பி இல்லாட்டி என்னால நிக்கவே முடியாது. விழுந்துடுவேன்."

நசீமின் முகம் வாடிவிட்டது. சற்றுப் பொறுத்து பெஞ்சுக்கு அடியில் குனிந்து பத்மாவின் கால்களைப் பார்த்தாள். முழங்காலுக்குப் பின்னால் இருந்த தோல் வாரைத் தொட்டாள்.

"ஹவ், ஆமா, அதையும் போடு" என்றாள் பத்மா.

இரண்டு பேரும் சேர்ந்து வரைந்தார்கள். என் நட்சத்திரம் கறுப்புக்குள் போய்விட்டது.

அங்கே ஒரு வார் இருப்பது எனக்குத் தெரியாது. பள்ளி திறந்த நாளிலிருந்து அந்தக் கால்களைப் பார்க்காமல் இருப்பதைத்தான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.