கழிவுப்பாகும் மீன்தொட்டிப் பம்பும்

மார்ச் 4
அன்னாசித் தோலை வேகவைத்து வடித்த சாற்றில் ஈஸ்ட் போட்டு மூன்று நாள் ஆயிற்று. ஜாடி நிறையக் குமிழி. அடியில் படிந்த ஈஸ்டோ ஒரு கரண்டிகூடத் தேறாது.

மார்ச் 5
அக்கா மாடிப்படியில் நின்றபடி அத்தானிடம், "வேலையை விட்டுட்டு வந்து குமிழி எண்ணிட்டு இருக்கா" என்றாள். சிரித்து வைத்தேன். சுருக்கென்றுதான் இருந்தது.

மார்ச் 7
அத்தான் தன் பேக்கரிக்கு வெளியூர் ஈஸ்ட் வாங்க 20ஆம் தேதி வருஷ ஒப்பந்தம் போடுகிறார். "அதுக்குள்ள என் மாவை உப்ப வச்சுக் காட்டு, உன்கிட்டயே வாங்கிக்கறேன்" என்றார். பழைய ஆபீஸ் மேலாளர் மாத முடிவு வரை என் இடத்துக்கு ஆள் போடமாட்டார். மறுபடி அந்த நாற்காலியா?

மார்ச் 10
சர்க்கரை ஆலையிலிருந்து, சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கழிவுப்பாகு ஒரு கேன் வந்தது. கன்னங்கரேல். தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்தேன். ஈஸ்ட் இருக்கும் பழச்சாற்றில் சிறுகச் சிறுக விடவேண்டும் என்று நோட்டில் நானே எழுதியிருக்கிறேன். யாருக்குப் பொறுமை? மொத்தத்தையும் ஊற்றிவிட்டேன்.

மார்ச் 11
மேசை, தரை, செருப்பு — எங்கும் நுரை. அறைக்குள் சாராய நெடி. அக்கா எட்டிப் பார்த்து, "யாருக்குடி காய்ச்சற?" என்றாள். அழுகைதான் வந்தது. தீனி மிஞ்சினால் ஈஸ்ட் பெருகாது, சாராயம் பண்ணிக்கொண்டு கிடக்கும் — இது எனக்குத் தெரியாதா? பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினவள்தானே? ஏன்டி இப்படிப் பறக்கற?

மார்ச் 14
மறுபடி முதலிலிருந்து. காற்று கிடைத்தால்தான் ஈஸ்ட் பெருகும்; மீன்தொட்டிப் பம்பு ஜாடிக்குள் இடைவிடாமல் காற்று ஊதுகிறது. அரை மணிக்கொரு தரம் இரண்டு கரண்டி பாகு, அவ்வளவுதான். என் கையை நான் நம்பவில்லை. கேனை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவளே கடிகாரம் பார்த்து அளந்து தருகிறாள். இன்னும் ஒரே ஒரு கரண்டி கேட்டேன். "போடி" என்றாள்.

மார்ச் 16
படிந்ததைத் துணியில் வடித்துப் பிழிந்தேன். வெளிர் நிறத்தில் இரண்டு கைப்பிடி. நெடி இல்லை. மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன்.

மார்ச் 18
அத்தான் என் ஈஸ்டைப் போட்டு மாவு பிசைந்து மூடிவைத்தார். பேக்கரிக்கும் தெருமுனைக்குமாக நடந்தே ஒரு மணி நேரத்தைத் தள்ளினேன். துணியைத் தூக்கினார்; மாவு இரண்டு மடங்கு உப்பியிருந்தது. அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

மார்ச் 30
மேலாளர் போன் செய்தார். பேக்கரிக்கு நாளைய ஈஸ்ட் தயாராகிறது; என் இரண்டு கையிலும் பாகு. அக்காதான் எடுத்தாள். "அவ வேலையா இருக்கா, அப்புறம் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு கரண்டி அளந்தாள்.